பந்தைத் தொடாமலே மேட்ச்சை மாத்துறாங்க... கர்ரியின் த்ரீ பாயின்ட்டருக்குப் பின்னால் நிற்கும் 'மனிதச் சுவர்'!

90 விநாடி. நீங்க ஒரு ரீல்ஸ் பார்த்து முடிக்கிற நேரம். மொத்த மேட்ச்லயும் அவ்வளவு நேரம் மட்டுமே பந்தைக் கையில் வெச்சிருந்து, ஒருத்தரால 60 பாயின்ட் எடுக்க முடியுமா?

எடுத்திருக்கிறார். 2016 டிசம்பர் 5, இண்டியானா பேசர்ஸுக்கு எதிரான என்.பி.ஏ மேட்ச். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் க்ளே தாம்ப்சன், 29 நிமிடங்களில் 60 பாயின்ட் குவித்தார். பந்தைத் தரையில் தட்டியது மொத்தமே 11 முறை. நாலாவது குவார்ட்டரில் அவர் களத்துக்கே வரவில்லை.

அப்போ மத்த நேரமெல்லாம் என்ன பண்ணிட்டிருந்தார்? ஓடிட்டிருந்தார். அவர் ஓடுற வழியில சக வீரர்கள் சுவர் மாதிரி அசையாம நின்னுட்டிருந்தாங்க. அந்தச் சுவருக்குப் பேர்தான் 'ஆஃப்-பால் ஸ்க்ரீன்'.

சும்மா நிற்கிறதுதான் வேலை!

விஷயம் சிம்பிள். பந்து ஒரு பக்கம் இருக்கு. ஷூட்டர் இன்னொரு பக்கம் இருக்கார். அவரை ஒரு டிஃபெண்டர் நிழல் மாதிரி ஒட்டிக்கிட்டே வர்றார். ஷூட்டர் தன் டீம் ஆளோட தோளை உரசுற அளவுக்கு நெருக்கமா ஓடி வெளியே வருவார். துரத்தி வர்ற டிஃபெண்டர் அந்த ஆள் மேல முட்டுவார், இல்லைன்னா சுத்திக்கிட்டு வரணும். அதில் கிடைப்பது அரை விநாடி. நல்ல ஷூட்டருக்கு அது போதும்.

ஆனா, சுவருக்கும் ரூல்ஸ் இருக்கு. நின்ன இடத்துல நிற்கணும். இடுப்பால இடிச்சாலோ, நகர்ந்து போய் மறிச்சாலோ ஃபவுல். பந்து எதிரணிக்குப் போயிடும். வேகமா ஓடி வர்றவர் உங்க மேல மோதப்போறார்னு தெரிஞ்சும் அசையாம நிற்கிறது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

மூன்று ரெக்கார்டு, ஒரே ரகசியம்

இது இன்னிக்கு நேத்து வந்த டெக்னிக் கிடையாது. ரெஜ்ஜி மில்லர் 2005-ல் ஓய்வு பெற்றபோது, 2,560 த்ரீ பாயின்ட்டர்களுடன் என்.பி.ஏ வரலாற்றில் முதலிடத்தில் இருந்தார். 2011-ல் அவரை ரே ஆலன் முந்தினார். 2021 டிசம்பரில் ஆலனின் 2,973-ஐ ஸ்டெஃபன் கர்ரி தாண்டினார். 2025 மார்ச்சில் 4,000-ஐத் தொட்ட முதல் வீரரும் கர்ரிதான். மூணு பேருக்கும் ஒரு பொதுவான குணம் உண்டு. ஸ்க்ரீனைச் சுத்தி ஓயாம ஓடி டிஃபெண்டரை மூச்சுவாங்க வைப்பாங்க.

2013-14 சீசனில் லீக்கிலேயே மிகக் குறைவாக பாஸ் போட்ட அணி வாரியர்ஸ். அடுத்த சீசனில் கோச்சாக வந்தார் ஸ்டீவ் கெர். அவரே சிகாகோ புல்ஸில் ஷூட்டராக ஆடியவர். பாஸ், ஓட்டம், ஸ்க்ரீன் என ஆட்டத்தையே மாற்றினார். முதல் சீசனிலேயே சாம்பியன்!

அவங்களோட பிரபலமான ஒரு மூவ் 'எலிவேட்டர்'. ரெண்டு பேர் லிஃப்ட் கதவு மாதிரி இடைவெளி விட்டு நிற்பாங்க. நடுவுல கர்ரி ஓடி வெளியே வந்ததும் 'கதவு' மூடிடும். துரத்தி வந்தவர் உள்ளேயே லாக்!

இதுல இன்னொரு ட்விஸ்ட், சில நேரம் கர்ரியே சுவரா நிற்பார். அவரை விட்டுட்டுப் போக பயந்து ரெண்டு டிஃபெண்டர்கள் அவர்கூடவே நின்னுடுவாங்க. அந்த கேப்ல இன்னொருத்தர் கூடைக்கு அடியில ஈஸியா பந்தைப் போட்டுட்டு வந்துடுவார்.

எதிரணியும் சும்மா இல்லை. ஆளை மாத்திப் பிடிக்கிறாங்க. ஸ்க்ரீனுக்கே போகவிடாம முன்னாடியே வழியை மறிக்கிறாங்க. அப்படி மறிச்சா, ஷூட்டர் சட்டுனு திரும்பி கூடையை நோக்கி ஓடிடுவார்.

'எல்லாரும் த்ரீதானே போடுறாங்க?'

இப்போ என்.பி.ஏ ரசிகர்கள் மத்தியில் சூடான சண்டையே இதுதான். த்ரீ பாயின்ட் கோடு அறிமுகமான 1979-80 சீசனில், ஒரு அணி ஒரு மேட்ச்சில் சராசரியாக 3 முறைகூட அங்கிருந்து முயற்சி செய்யவில்லை. 2024-25 சீசனில் அது 37-ஐத் தாண்டிவிட்டது. 'பாஸ்கெட்பால் போரடிக்குது' என்ற புலம்பலை நீங்களும் கமென்ட்ஸில் பார்த்திருப்பீங்க.

அந்தப் புலம்பலில் பாதி நியாயம் இருக்கு. ஒருத்தர் நின்ன இடத்துலயே பந்தைத் தட்டித் தட்டி நேரத்தைக் கடத்தி, கடைசியில ஒரு த்ரீ எறிஞ்சா போரடிக்கத்தான் செய்யும். மத்த நாலு பேரும் நம்மளை மாதிரியே வேடிக்கைதான் பார்ப்பாங்க. ஆனா, ஸ்க்ரீன் வழியா வர்ற த்ரீல ஒருத்தர் மறிக்கிறார், ஒருத்தர் ஓடுறார், ஒருத்தர் சரியான நொடியில பாஸ் கொடுக்கிறார், மத்தவங்க டிஃபெண்டர்களை இழுத்துட்டுப் போறாங்க. ஸ்கோர்போர்டில் ரெண்டுக்கும் அதே 3 பாயின்ட்தான். ஆட்டம் வேற. த்ரீ பாயின்ட்டைக் குறை சொல்றதுக்கு முன்னாடி, அது எந்த ரகம்னு பார்க்கணும்.

கூடவே கிரெடிட் பிரச்னையும் இருக்கு. பந்தைப் போட்டவருக்கு பாயின்ட், பாஸ் கொடுத்தவருக்கு அசிஸ்ட். முட்டு வாங்கி நின்னவருக்கு? என்.பி.ஏ இப்போ 'ஸ்க்ரீன் அசிஸ்ட்' என்று தனியாகக் கணக்கெடுக்கிறது. அதில் ரூடி கோபேர் போன்ற உயரமான சென்டர்கள்தான் முன்னணியில் இருப்பாங்க. ஆனா, மேட்ச் முடிஞ்சதும் நாம ஷேர் பண்ற ஸ்கோர் கார்டில் அந்தக் கணக்கு வர்றதில்லை. ஹைலைட்ஸ் கிளிப்பும் பந்து கைக்கு வந்த பிறகுதான் பெரும்பாலும் ஆரம்பிக்குது. அதனாலதான் உழைப்பு அஞ்சு பேருடையதா இருந்தும், நம்ம மனசுல ஒரு பேர் மட்டும் பதியுது.

ஒரு அணிக்கு ஒரு அட்டாக்கில் கிடைப்பது 24 விநாடி. அடுத்த முறை மேட்ச் பார்க்கும்போது, ஒரே ஒரு அட்டாக்குக்கு மட்டும் பந்தைப் பார்க்காதீங்க. கர்ரியை மட்டும் பாருங்க. அதுக்கடுத்த அட்டாக்கில், அவருக்காக யார் முட்டு வாங்குறாங்கன்னு பாருங்க!