புரிந்தால் கலை தாழ்ந்துவிடுமா?

“ஓபெரா எனும் இசை நாடகத்தை அது பிறந்த மொழியிலேயே பாடவேண்டும், பிறமொழியில் பெயர்த்துப் பாடுவது கலைக்கு இழைக்கும் துரோகம்” என்பார் உளர். தூய்மையின் பெயரால் எழும் இவ்வாதத்தின் வேரைச் சற்றே அகழ்ந்து பார்ப்போம்.

1847 முதல் 1892 வரை இலண்டன் கோவென்ட் கார்டன் அரங்கின் பெயரே ‘ராயல் இத்தாலியன் ஓபெரா’. பிரெஞ்சுப் படைப்புகளும் ஜெர்மானியப் படைப்புகளும் அங்கு இத்தாலிய உடை பூண்டே மேடையேறின. வாக்னரின் ‘லோஹென்கிரின்’ 1875இல் அவ்வாறே பாடப்பட்டது. ஜெர்மானியர் ஒருவர் தம் தாய்மொழியில் படைத்ததை, ஆங்கிலேயர் கேட்பதற்காக, இத்தாலிய மொழியில் பாடினார்கள்! இதில் எந்த மூலத்தின் தூய்மை காக்கப்பட்டது? காக்கப்பட்டது மேட்டுக்குடியின் நாகரிகப் பெருமை ஒன்றே அன்றோ?

இப்பெருமைக்கு எதிராக எழுந்தவர் ஓர் ஆங்கிலேயர் அல்லர். ஹாம்பர்க் நகரில் பிறந்த கார்ல் ரோசா. அவரும் பாடகியான அவர் துணைவியார் பரேப்பாவும் 1873இல் ஒரு குழுவைத் தொடங்கினர். ஆங்கிலத்தில் பாடுவது, ஊர் ஊராகச் செல்வது என்பவை அதன் நெறிகள். அவ்வாண்டு செப்டம்பரில் மான்செஸ்டரில் முதல் நிகழ்ச்சி நடந்தது. அடுத்த சனவரியிலேயே பரேப்பா மறைந்தார். ரோசா பணியைக் கைவிடவில்லை. 1875இல் மோட்சார்ட்டின் ‘ஃபிகாரோவின் திருமணம்’, 1876இல் வாக்னரின் ‘பறக்கும் டச்சுக்காரன்’, 1879இல் பிசேயின் ‘கார்மென்’ என ஒவ்வொன்றாக இலண்டனில் ஆங்கிலம் பேசின.

மொழிபெயர்ப்பில் இழப்பே இல்லையா? உண்டு. ஒரு சொல்லின் உயிரோசைக்கென அமைந்த சுரத்தில் வேறொரு சொல்லைப் பொருத்தினால் நெருடும். அக்காலப் பெயர்ப்புகள் பலவற்றில் செயற்கை நடை மலிந்திருந்ததும் உண்மையே. ஆயினும் நல்ல பெயர்ப்பைத் தேடுவதன்றோ அதற்கு மருந்து? ஃபிகாரோவின் குறும்புமொழி விளங்காதவன் எங்ஙனம் சிரிப்பான்? ஓசையில் சிறிது குறைவது ஓர் இழப்பு. நாடகமே விளங்காது போவது பேரிழப்பு.

இன்னொரு பயனும் விளைந்தது. ஆங்கிலத்தில் பாடும் மேடை இருந்ததால் ஆங்கிலத்தில் படைப்போரும் எழுந்தனர். கோரிங் தாமசின் ‘எஸ்மெரால்டா’, மெக்கென்சியின் ‘கொலம்பா’ ஆகியவை 1883இல் ரோசா கேட்டு எழுதுவித்தவை. அடுத்த ஆண்டு ஸ்டான்ஃபர்டின் ‘கேன்டர்பரி யாத்திரிகர்கள்’ வந்தது. இவற்றுள் எதுவும் காலத்தை வென்று நிற்கவில்லையே எனலாம். உழாத நிலத்தில் அதுகூட விளைந்திராது.

ரோசா 1889இல் மறைந்தார், குழு நிலைத்தது. புச்சீனியின் ‘லா போஹேம்’ பிரிட்டனில் முதன்முதலாக 1897 ஏப்ரலில் அரங்கேறியது, இலண்டனில் அன்று. தொழில் நகரமான மான்செஸ்டரில், ஆங்கிலத்தில், இக்குழுவினரால். புச்சீனியே நேரில் வந்திருந்தார்.

1983இல் டொரன்டோவில் தொடங்கி, மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு வரிகளை ஒளிரவிடும் வழக்கம் உலகெங்கும் பரவிவிட்டது. மூலமொழியிலேயே பாடும் அரங்குகளும் இன்று அதை நாடுகின்றன. மக்களுக்குப் பொருள் விளங்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? மூலமொழியில் கேட்க விழைவோர் கேட்கட்டும், அச்சுவை வேறு. ஆனால் புரியும் மொழியில் பாடியவர்களை இரண்டாந்தரக் கலைஞர் என இகழவேண்டா. புரியாமை ஒருபோதும் கலையின் உயர்வுக்கு அளவுகோல் ஆகாது.