வழக்கு விட்டு வழக்குச் செல்லும் சாட்சியம்

ஒரு வழக்கில் உறுதிமொழி எடுத்துச் சொல்லப்பட்ட சாட்சியத்தை இன்னொரு வழக்கில் அப்படியே எடுத்தாள முடியாது என்பது இந்தியச் சான்றுச் சட்டத்தின் அடிப்படைகளுள் ஒன்று. சட்டம் பயிலாதவருக்கு இது வீண் சம்பிரதாயமாகத் தோன்றலாம். சம்பவமும் சாட்சியும் மாறாதபோது மீண்டும் ஏன் முதலிலிருந்து தொடங்க வேண்டும்? உண்மையில் இவ்விதி மொழியின் இயல்பைச் சரியாகப் புரிந்துகொண்ட விதி. அந்தப் புரிதலை நீதிமன்றங்களின் பதிவுமுறையே குலைக்கிறது என்பதுதான் கவலைக்குரியது.

ஒரே சம்பவத்திலிருந்து எழுந்து தனித்தனியாக விசாரிக்கப்பட்ட இரு வழக்குகளில், ஒன்றின் சாட்சியத்தை மட்டும் கொண்டு இரண்டிலும் தண்டனை விதித்த மதுரை அமர்வின் தீர்ப்பை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. மேல்முறையீடுகளைப் புதிதாக விசாரிக்குமாறு திருப்பி அனுப்பியது. ஒரு விசாரணையில் பதிவான சாட்சியம் அவ்விசாரணையின் குற்றஞ்சாட்டப்பட்டவரோடு நின்றுவிடும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். இரு தரப்பும் ஒருவர் மீதொருவர் தொடுக்கும் எதிர் வழக்குகளிலும் இதுவே நெறி. ஒரே நீதிபதி இரண்டையும் அடுத்தடுத்து விசாரிப்பார். ஒன்றின் சாட்சியத்தை மற்றதில் பாராமல் தனித்தனித் தீர்ப்பு எழுதுவார்.

விதிவிலக்கும் உண்டு. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, இன்றைய பாரதிய சாட்சிய அதினியத்தின் 27ஆம் பிரிவு. சாட்சி இறந்துவிட்டாலோ, கண்டறிய முடியாமற்போனாலோ, சாட்சியமளிக்க இயலாத நிலையில் இருந்தாலோ பழைய சாட்சியம் ஏற்கப்படலாம். ஆனால் தரப்பினர் அவர்களாகவோ அவர்தம் உரிமை வழியினராகவோ இருக்க வேண்டும். எதிர்த்தரப்புக்குக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையும் வாய்ப்பும் இருந்திருக்க வேண்டும். எழுவினாக்கள் பெரும்பாலும் ஒன்றாக இருக்க வேண்டும். யார், யாரிடம், எதைப் பற்றிப் பேசினர் என்ற சூழல் மாறாதவரையே ஒரு கூற்று தன் பொருளைக் காக்கும் என்பதை மொழியியல் சொல்வதற்கு முன்பே இப்பிரிவு சொல்லிவிட்டது.

பதிவேட்டில் இருப்பதோ வேறு. சாட்சியத்தைப் பொதுவாகக் கதைகூறல் வடிவில் எழுத வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276ஆம் பிரிவு வகுத்த வழக்கம். வினா–விடையாக எழுதுவது நீதிபதியின் விருப்பம். “அங்கே வெளிச்சம் குறைவுதானே?” என்ற கேள்விக்குச் சாட்சி தயங்கி “ம்” என்கிறார். பதிவேடு, “அங்கே வெளிச்சம் குறைவாக இருந்தது என்றால் சரிதான்” என்கிறது. அந்த ‘என்றால் சரிதான்’ என்னும் வாய்பாடு, சொற்கள் வழக்குரைஞருடையவை என்பதற்கு எஞ்சிய ஒரே தடயம். முதல் விசாரணையில் அத்தடயமும் இல்லை. கேள்விகள் கரைந்து, சாட்சி தாமே ஒரே மூச்சில் சொன்னதுபோல் எல்லாம் தன்மை ஒருமையில் நிற்கும். தயக்கமும் வட்டார வழக்கும் மறைந்து, எழுத்தரின் நடை சாட்சியின் குரலாகிவிடுகிறது.

அவ்விசாரணையை நேரில் கேட்ட நீதிபதிக்கு இக்குறை பெரிதன்று. பல ஆண்டுகள் கழித்து வேறொரு நீதிபதி அத்தாளை மட்டும் படிக்கும்போதுதான் ஆபத்து. தலைமறைவானவருக்கு எதிராக அவர் இல்லாத நிலையில் சாட்சியம் பதிவுசெய்ய 299ஆம் பிரிவு இடமளித்தது. அவர் பிடிபடும்போது சாட்சி இறந்திருந்தால், அவர் தரப்பு ஒரு கேள்விகூடக் கேட்டிராத அந்தத் தாளே அவருக்கு எதிராக நிற்கும். பழைய சட்டங்கள் புதுப்பெயர் பெற்றபின்னும் இந்நிலை மாறவில்லை.

தலைமறைவுக் காலத்தில் தண்டனைக்கு அஞ்சிச் சாட்சிகள் கலைக்கப்படலாம், முதியவர்கள் மறையலாம். ஆகவே இத்தகைய பதிவுகள் தேவை என்ற வாதம் நியாயமானது. அதனாலேயே அவை நன்றாகப் பதிவாக வேண்டும். பின்னொரு வழக்குக்குச் செல்ல வாய்ப்புள்ள சாட்சியம் வினா–விடையாகவே எழுதப்படட்டும். சாட்சி பேசிய மொழியிலேயே ஒலிப்பதிவும் இருக்கட்டும். மின்னணு முறையில் சாட்சியம் பதிவுசெய்யச் சட்டம் ஏற்கெனவே இடமளிக்கிறது. சாட்சியை மீண்டும் அழைக்க இயலாதபோது, குறைந்தது அவரிடம் கேட்கப்பட்ட கேள்வியையாவது நீதிமன்றம் கேட்டறிய வேண்டும்.