வேர் முடிச்சின் மறைவில் மானிய வெட்டு

பயறுச் செடியின் வேரில் உள்ள சிறு முடிச்சுகளில் ரைசோபியம் பாக்டீரியா வாழ்கிறது. அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்குத் தழைச்சத்தாக மாற்றித் தருகிறது. இதை ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ரீகல் 1886இல் அறிவித்தார். பத்தே ஆண்டுகளில், 1896இல், 'நைட்ரஜின்' என்ற பெயரில் அது காப்புரிமை பெற்ற சரக்காகிவிட்டது. இயற்கையின் கொடையை விலைக்கு விற்க மூலதனம் அன்றே தாமதிக்கவில்லை.

இன்று ஒன்றிய பாஜக அரசு அதே பாக்டீரியாவை உர மானிய வெட்டுக்குத் திரையாக்குகிறது. 2022-23இல் சுமார் 2.51 லட்சம் கோடி ரூபாயாக இருந்த உர மானியத்துக்கு 2024-25 பட்ஜெட்டில் 1.64 லட்சம் கோடிதான் ஒதுக்கப்பட்டது. உலகச் சந்தையில் உர விலை இறங்கியதும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் 2023 ஜூனில் ஒப்புதல் பெற்ற பிஎம்-பிரணாம் திட்டம் அரசின் உள்நோக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது. முந்தைய 3 ஆண்டு சராசரியைவிட ரசாயன உரப் பயன்பாட்டைக் குறைக்கும் மாநிலத்துக்கு, மிச்சமாகும் மானியத்தில் 50 சதவீதம் கிடைக்குமாம். மீதி ஒன்றிய அரசுக்கு. விளைச்சல் சரிந்தால் இழப்பு யார் தலையில் விழும்? குத்தகை விவசாயியின் தலையில்தான்.

அறிவியல் கூறுவது என்ன? பயறு, சோயா, நிலக்கடலை ஆகியவற்றின் தழைச்சத்துத் தேவையில் பெரும்பகுதியை ரைசோபியம் தர இயலும். நெல்லுக்கும் கோதுமைக்கும் அசோஸ்பைரில்லம் ஒரு பகுதியையே தரும். பாஸ்போபாக்டீரியா மண்ணில் கட்டுண்ட மணிச்சத்தைக் கரைக்கும். இல்லாத சத்தை உண்டாக்காது. உயிர் உரம் பயிருக்கு நல்ல துணை. அதை யூரியாவுக்கு முழு மாற்று என்று காட்டுவது அறிவியலின் பெயரால் நடக்கும் மோசடி.

அந்தத் துணையாவது விவசாயியிடம் உயிரோடு சேர்கிறதா? 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் 2006இல்தான் உயிர் உரம் கொண்டுவரப்பட்டது. தூள் வடிவ ரைசோபியத்தில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்பது விதி. கடை வாசல் வெயிலில் கிடந்த பொட்டலத்தில் அவை மடிந்துவிடும். விதைநேர்த்தி செய்யும் விவசாயி அதைக் கண்ணால் அறிய முடியாது. செல்களை எண்ணிப் பார்க்க அரசு ஆய்வகமும் நுண்ணுயிரியலாளரும் வேண்டும். இருப்பு வைக்கக் குளிர்ந்த கிடங்கு வேண்டும். 2023 பட்ஜெட்டில் 10,000 உயிரி இடுபொருள் மையங்களை அறிவித்த அரசு, இவற்றுக்கு என்ன உத்தரவாதம் தந்தது?

பிரேசிலில் சோயா பெரும்பாலும் தழைச்சத்து உரமின்றியே விளைகிறது. அதற்கு அடித்தளமிட்டது யோஹானா டோபரைனர் போன்ற விஞ்ஞானிகள் அரசு ஆய்வகங்களில் பல்லாண்டுகள் நடத்திய ஆராய்ச்சி. அதன் லாபத்தைப் பெருநில உடைமையாளர்கள் அள்ளினர் என்பதும் நமக்கான பாடமே.

எனவே கோரிக்கை தெளிவானது. உர மானியத்தை வெட்டாதே! பொதுத்துறையும் கூட்டுறவும் உயிர் உரம் தயாரிக்கட்டும். வட்டாரந்தோறும் தர ஆய்வகம் அமையட்டும். வேரில் வாழும் நுண்ணுயிர் உழவனுக்காக உழைக்கட்டும். நிதி அமைச்சகத்தின் கத்தரிக்கோலாக அதை மாற்ற விவசாய இயக்கம் அனுமதிக்காது.