விளக்கை மறைத்தால் போதுமா?

பழைய மைசூர் மாவட்டத்து மார்டள்ளி (1997 முதல் சாமராஜநகர் மாவட்டம்) நம்மில் பலருக்குச் சொந்த ஊர். விடுமுறை வந்தால் பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு காரில் கிளம்பிவிடுகிறோம். சென்ற கோடையில் ஹனூரைத் தாண்டி ஒரு குழியில் இறங்கி, என் காரின் முன்பக்க லோயர் ஆர்ம் வளைந்தது. பேச்சு சுவாரசியத்தில் குழியைக் கவனிக்காதது நான்தான்.

ஆர்மும் பால் ஜாயிண்டும் மாற்றி வண்டியை வாங்கினால், ஏ.பி.எஸ். விளக்கு அணையவே இல்லை. "பிரேக் பிடிக்குதே சார், வேணும்னா விளக்குத் தெரியாம பண்ணிடறேன்" என்றார் மெக்கானிக். இதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

ஒவ்வொரு சக்கரத்தருகிலும் வேகத்தை அறியும் சென்சார் உண்டு. அதன் மெல்லிய ஒயர் சஸ்பென்ஷனை ஒட்டியே வருகிறது. ஆர்மைத் தட்டிக் கழற்றும்போது இழுபட்டு அறுந்துவிடலாம். அதன்பின் சாதாரண பிரேக் மட்டுமே மிஞ்சும். ஈரச் சாலையில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரேதான் போகும். எதிரே யானை நின்றால்?

2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கெல்லாம் கட்டாயமாக்கப்பட்ட பாதுகாப்பு இது. காசு கொடுத்து நாமே அதை இழப்பதா? நான் வேறு பட்டறையில் சென்சாரை மாற்றி, அலைன்மெண்டும் பார்த்துக்கொண்டேன்.

சரளை மண்ணில் மட்டும் ஏ.பி.எஸ். வண்டி சற்றுத் தள்ளியே நிற்கும். மிதி அதிர்ந்தால் பயந்து காலை எடுக்காதீர்கள்.

பழைய கார் வாங்கும் அன்பர்களே, சாவியைத் திருப்பியதும் அந்த மஞ்சள் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லையென்றால், யாராவது மறைத்திருக்கிறார்களா என்று விற்பவரைக் கேளுங்கள்.