அடுப்பு வைக்க இடம் வேண்டும்

கொல்கத்தாவில் ஆட்டுக்கறிக்குப் பஞ்சமில்லை. அதை எப்படிச் சமைக்க வேண்டும் என்று சொல்லும் வாய்களுக்கும் பஞ்சமில்லை. ஓர் அலுவலகப் பிரிவில் 30 பேர் இருந்தால், கறியில் உருளைக்கிழங்கை எப்போது போட வேண்டும் என்பதில் 30 பேருக்கும் அசைக்க முடியாத கருத்து உண்டு. பஞ்சம் எல்லாம் அடுப்பு வைக்கும் இடத்துக்குத்தான்.

டிசம்பர் பிறந்ததும் நகரத்து அலுவலகங்களில் ஒரு நோட்டுப் புத்தகம் மேஜை மேஜையாக நகர ஆரம்பிக்கும். சந்தா வசூல். இப்போது அந்த வேலையை வாட்ஸ்அப் குழு செய்கிறது என்றாலும் கடைசியில் யாராவது ஒருவர் எழுந்துபோய்க் கேட்டால்தான் பணம் வருகிறது. பகலில் ஊருக்கு வெளியே போய்ச் சமைத்தால் அது பிக்னிக். இரவில், ஊருக்குள்ளேயே, வேலை முடிந்த கையோடு கூடிச் சமைத்தால் 'ஃபிஸ்டி'. ஆங்கில ஃபீஸ்ட்டுக்கு வங்காளிகள் வைத்த செல்லப் பெயர். இரண்டுக்கும் முந்தைய வங்காளச் சொல் 'சொடுய்பாத்தி'. சொடுய் என்றால் சிட்டுக்குருவி, பாத் என்றால் சோறு. தமிழில் அதற்கு நேரான சொல் கூட்டாஞ்சோறு. தமிழர் கூட்டத்தைக் கூப்பிடுகிற இடத்தில் வங்காளி குருவியைக் கூப்பிடுகிறார். இரண்டிலும் சமையல்காரர் என்று தனியாக ஒருவர் கிடையாது.

நல்ல ஹோட்டல்கள் நிறைந்த ஊரில் ஏன் இந்த அவஸ்தை? ருசி என்பார்கள். அது பாதிதான் உண்மை. கூட்டுச் சமையலில் கறி வேகாமல் போவதும் கிச்சுடி அடிப்பிடிப்பதும் சகஜம். மீதிப் பாதி கணக்கு. ஹோட்டல் பஃபேயில் தலைக்கு இவ்வளவு என்று விலை. நிரந்தர ஊழியருக்கு அது ஒரு மாலை நேரச் செலவு. வாசலில் நிற்கும் ஒப்பந்தக் காவலருக்கும், தரை துடைக்கும் பெண்ணுக்கும், டீ கொண்டுவரும் பையனுக்கும் அது சில நாள் கூலி. அவர்கள் ஏஜென்சியின் ஆட்கள், பிரிவின் பட்டியலிலேயே பெயர் இருக்காது. யாரும் அவர்களை வேண்டாம் என்று சொல்வதில்லை. கணக்கே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஹோட்டலில் 5 பேர் கூடினால் 5 பேருக்கான பில். கிச்சுடி அண்டாவில் 5 பேர் கூடினால் அரிசியும் பருப்புமாக முக்கால் கிலோ, இன்னும் கொஞ்சம் தண்ணீர். ஆட்டுக்கறிக்குப் பதில் கோழி என்று முடிவெடுத்தால் கறிச் செலவு மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும், முணுமுணுப்பு மூன்று மடங்கு ஏறும் என்றாலும்.

ஆனால் இந்தக் கணக்கு இடத்தின் வாடகையில் கவிழ்ந்துவிடக்கூடும். சமையலில் மிச்சம் பிடித்ததையெல்லாம் ஒரு ரிசார்ட்காரர் ஒரே ரசீதில் வாங்கிக்கொண்டால் காவலர் மறுபடியும் வாசலில்தான்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடி. வாடகை இல்லை, தண்ணீர் உண்டு, மேலே வானம். கொல்கத்தாவின் ஃபிஸ்டிகள் தலைமுறை தலைமுறையாக மாடியில்தான் நடந்தன. தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழுந்தபின் மாடி பொதுச் சொத்தாகிவிட்டது. சாவி குடியிருப்போர் சங்கத்திடம். சங்கங்கள் கெடுபிடி செய்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2025 ஏப்ரல் 29 அன்று படாபஜார் பகுதி ஹோட்டல் ஒன்றில் பிடித்த தீயில் 14 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து மாடிகளில் இயங்கிய உணவகங்களை மூடச் சொன்னது மாநகராட்சி. தீ பிடித்தால் மக்கள் ஓடி ஏறும் இடம் மாடி. அங்கே அடுப்பும் பந்தலும் வழி மறிக்கக் கூடாது. அலுவலகக் கட்டடத்தின் மாடியைக் கேட்பதில் அர்த்தமே இல்லை.

அடுத்து, பச்சைப் புல்வெளி. ஒரு காலத்தில் ஹூக்ளியின் மறுகரையில், 1787இல் தொடங்கிய ஷிப்பூர் தாவரவியல் பூங்காவுக்குச் சட்டி பானையோடு குடும்பங்கள் படகேறிப் போனதுண்டு. இன்று அங்கே அடுப்பு மூட்ட முடியாது. பெரிய ஆலமரத்துக்கு அது நல்லதுதான். மாலையில் மூடிவிடும் பூங்காக்களால் இரவு விருந்துக்கு எப்படியும் பிரயோஜனம் இல்லை.

பிறகு பாகான்பாடி எனப்படும் தோட்ட வீடுகள். சோனார்பூர், பாருய்பூர், பாராசாத், பாரக்பூர் என்று நகரத்தைச் சுற்றி நிறைய இருக்கின்றன. குளம், மாமரம், சமையலுக்கு ஒரு கொட்டகை எல்லாம் உண்டு. ஆனால் டிசம்பர் 25, ஜனவரி 1, இடையில் வரும் ஞாயிறுகள் என்றால் வாடகை வானத்தில் நிற்கும். பலர் இருட்டிய பிறகு கேட்டைத் திறந்து வைக்கச் சம்மதிப்பதில்லை. போக வர வண்டிச் செலவு வேறு.

அலைந்து களைத்தவர்கள் கடைசியாகக் கண்டுபிடிப்பது, முதலிலேயே யோசித்திருக்க வேண்டிய இடம்: கல்யாண வீடு. கொல்கத்தாவில் தெருவுக்குத் தெரு வாடகைக்குக் கிடைக்கும் 'பியே பாடி'கள் நம் கல்யாண மண்டபத்தின் தம்பிகள். மூன்று மாடி, ஒரு கூடம், பந்தி போட ஒரு மாடி, பின்னால் அல்லது மேலே சமையல் செய்யத் தனி இடம். வங்காளிகள் பௌஷ் மாதத்தில் கல்யாணம் செய்வதில்லை. டிசம்பர் பாதியில் தொடங்கி மகர சங்கராந்திவரை, அதாவது நம் மார்கழி. தமிழ்நாட்டில் மண்டபங்கள் தூங்கும் அதே நாட்களில் அங்கேயும் தூங்குகின்றன. பிக்னிக் பருவம் உச்சத்தில் இருக்கும்போது நகரத்தின் மிகப் பெரிய சமையற்கட்டுகள் பூட்டிக் கிடப்பதை என்னவென்று சொல்வது! வார நாளில், மாலை ஐந்து முதல் பத்து வரை, கீழ்த்தளம் மட்டும் என்று கேட்டால் பேரம் படிய வாய்ப்பு உண்டு. அலங்காரம் வேண்டாம், குளிர்சாதனம் வேண்டாம் (டிசம்பரில் யாருக்கு வேண்டும்?) என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாநகராட்சியின் சமுதாயக் கூடங்களுக்கும் இது பொருந்தும். பேட்டைக் கிளப்பின் அறையும் கிடைக்கலாம், பிரிவில் யாராவது அந்தக் கிளப்பின் உறுப்பினராக இருந்தால். எல்லா அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். பதவியில் பெரும்பாலும் கடைசி வரிசை. அன்றைக்கு அவர்தான் மேனேஜர்.

முன்பணம் கொடுக்குமுன் ஒரு கேள்வி. எங்கள் கேட்டரரிடம்தான் சாப்பாடு வாங்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா? வாடகை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் பதில் பெரும்பாலும் 'உண்டு'. தண்ணீர், எச்சில் இலைகளை யார் அள்ளுவது, எந்த அடுப்பு என்பவையும் பேசி முடிக்க வேண்டியவை. வீட்டு சிலிண்டரைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றி வரும் வீரர்கள் இருக்கிறார்கள். அது விதிக்கும் புறம்பு, உடம்புக்கும் ஆபத்து. எண்ணெய் நிறுவனங்கள் விற்கும் 5 கிலோ சிலிண்டரை முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டை காட்டியே வாங்கலாம். பல பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும். 30 பேர் சமையலுக்கு இரண்டாக எடுத்துக்கொள்வது நல்லது.

பாத்திரத்துக்குக் கவலையில்லை. கொல்கத்தாவில் 'டெக்கரேட்டர்' என்று பலகை மாட்டியவர் வீட்டை அலங்கரிப்பவர் என்று நினைத்து உள்ளே போனால் ஏமாற்றம்தான். பந்தல், நாற்காலி, அண்டா, கடாய், வாளி, கரண்டி எல்லாம் வாடகைக்குத் தரும் ஆசாமி அவர். 30 பேர் என்று சொன்னால் போதும், எந்த அளவு அண்டா என்று அவரே எடுத்து வைப்பார். பெரிய பர்னரும் அவரிடமே கிடைக்கும்.

இனி, இடத்தைத் தேர்வு செய்பவர்கள் அடிக்கடி மறந்துவிடும் விஷயம். பெண்கள் எப்போது, எப்படி வீடு திரும்புவார்கள்? 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பணியில் இருந்த பெண் மருத்துவர் கொல்லப்பட்ட பின், ஆகஸ்ட் 14 இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் இரவு எங்களுக்கும் உரியது என்று இந்நகர வீதிகளில் இறங்கினார்கள். அந்த ஊரில், புறநகர் ரயில் நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் இருட்டில் நடக்க வேண்டிய தோட்ட வீடு எவ்வளவு மலிவானாலும் மலிவில்லை. நிலையத்துக்கோ மெட்ரோவுக்கோ நடை தூரத்தில் இருக்கும் சாதாரணக் கூடம் மேல். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், வேலையின் பொருட்டு ஊழியர் செல்லும் இடத்தையும் நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனத்தையும் பணியிடமாகவே கருதுகிறது. விருந்து நிறுவனத்தின் பெயரில் நடக்கிறது என்றால் மேலாளர் இதை நினைவில் வைப்பது அவருக்கே நல்லது.

பெண்கள் வெங்காயம் நறுக்க, ஆண்கள் அடுப்பைச் சுற்றி நின்று ஆலோசனை வழங்கும் வேலைப் பங்கீடும் ஒரு நோய். அதற்கு எளிய மருந்து சீட்டுக் குலுக்கல். பிரிவின் தலைவருக்குப் பூண்டு உரிக்கும் சீட்டு விழுந்தால் கூட்டத்தில் எழும் ஆரவாரத்துக்கு எந்த ஹோட்டலும் ஈடு கொடுக்க முடியாது. சந்தாவையும் தலைக்குச் சமமாக வைக்காமல் சம்பளத்துக்கு ஏற்ப வைக்கலாம். டீ கொண்டுவரும் பையனிடம் கொஞ்சமாவது வாங்கத்தான் வேண்டும். சும்மா வா என்று சொன்னால் விருந்தாளியாக வருவான், அல்லது வரவே மாட்டான். பத்து ரூபாய் கொடுத்தவனுக்குக் கறியில் உப்பு போதவில்லை என்று சொல்லும் உரிமை இருக்கிறது.

ஒன்பது மணிக்குப் பந்தி முடிந்தாக வேண்டும் என்றால் ஆறு மணிக்குக் கறி அடுப்பில் இருக்க வேண்டும். ஐந்தரைக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்புகிறவர்களால் இது முடியாது. ஆகவே இரண்டு பேர் மதியமே போய் மசாலா தடவி வைக்க அரை நாள் விடுப்பு கேட்டு வாங்க வேண்டும். அண்டாவை யார் தேய்ப்பது என்பதையும் சீட்டில் எழுதிவிடுவது உத்தமம். டெக்கரேட்டர் மறுநாள் காலை ஏழு மணிக்கே வந்து கரண்டிகளை எண்ணுவார்.