ஃபோர்ஜ்டு அயர்ன்: காசு எதுக்கு?

'ஃபோர்ஜ்டு' என்று போட்டிருந்தாலே நல்ல ஆட்டக்காரர்கள் கூடுதல் காசு கொடுக்கிறார்கள். காமர்ஸ்காரனுக்கு இது உறுத்தாதா? 1989 பிரிட்டிஷ் ஓபனை மார்க் கால்கவெக்கியா ஜெயித்தது வார்ப்பில் செய்த பிங் ஐ 2 வைத்துத்தானே!

'அடிக்கும்போது கைக்கு மெத்தென்று இருக்கு' என்பார்கள். இருக்கட்டும். தள்ளிப் பட்ட பந்தைக் காப்பாற்றுவது பின்பக்கக் குடைவு. எடை விளிம்புக்குப் போய்விடுகிறது. அது வார்ப்பிலும் உண்டு.

என் கணக்கில் ஃபோர்ஜ்டின் உண்மையான லாபம் வேறு. மென்மையான கார்பன் ஸ்டீல் என்பதால் லாஃப்ட், லை இரண்டையும் நம் உயரத்துக்கும் ஸ்விங்குக்கும் தக்கபடி எளிதாக வளைக்கலாம். மிசுனோ ஜேபிஎக்ஸ் 900 டூர் அப்படி ஒன்று. ப்ரூக்ஸ் கெப்கா 2017 யூ.எஸ். ஓபன் ஜெயித்தது இதில்தான்.

வாங்குமுன் 7 அயர்ன் லாஃப்ட்டைப் பாருங்க மக்களே. 34 டிகிரி பக்கம் இருந்தால் சரி. 30க்குக் கீழே என்றால், கூடப் போகிற தூரம் உங்க திறமை இல்லை சாமி, கிட்டத்தட்ட 6 அயர்னில் 7ன்னு எழுதியிருக்கான் :-)