கண்டி அரண்மனையில் அந்நியர் யார்?

கண்டிக்குச் செல்லும் தமிழர் பலர் தலதா மாளிகையைக் கண்டு, வாவிக்கரையில் உலாவித் திரும்பிவிடுகின்றனர். அருகேயுள்ள அரசமாளிகையிலும், அரசியர் வாழ்ந்த பல்லே வாகலையிலும் கால் வைப்போர் சிலரே. முன்னது இன்று தொல்பொருட் காட்சிச்சாலை. பின்னது தேசிய நூதனசாலை. அங்குள்ள அரும்பொருள்களைக் கண்டு வியந்தால் மட்டும் போதுமா? அம்மாளிகையில் வாழ்ந்தோர் யார், எந்தப் பத்திரத்தின் பேரால் துரத்தப்பட்டனர் என்று கேட்க வேண்டாமா?

1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நால்வரும் மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வழியினர். மூலத்தால் தெலுங்கர், தமிழும் வழங்கிய அரசவையினர். அவர்கள் வாளால் நாட்டைப் பறித்தவரல்லர். பிரதானிகளின் இசைவுடன் முடிசூடியவர்கள். அவருள் ஒருவனான கீர்த்தி சிறீ ராசசிங்கனே, 1753இல் சீயத்துத் துறவிகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதையை மீட்டவன். மதத்தைக் காத்தபோது மன்னன். முடியைப் பறிக்கும்போது மட்டும் அந்நியனா?

1815 மார்ச் 2ஆம் நாள், அரண்மனையை அடுத்த மகுல் மடுவத்தில் கண்டி ஒப்பந்தம் நிறைவேறிற்று. சிறீ விக்கிரம ராசசிங்கனின் கொடுமைகளை நாம் மறைக்கவில்லை. ஆயினும் அப்பத்திரத்தின் 2ஆம் பிரிவு, அவனோடு நில்லாது, ‘மலபார் இன’த்தின் ஆட்சியுரிமை முழுவதையும் ஒழித்தது. வெளியேற்றப்பட்ட அவ்வினத்து ஆண்கள் அனுமதியின்றித் திரும்பலாகாதெனத் தடுத்தது 3ஆம் பிரிவு. ஒருவன் குற்றத்துக்கு ஓரினத்தைத் தண்டிப்பது எந்த நீதி? விந்தை கேளுங்கள்! இப்பத்திரத்தில் ஒப்பமிட்ட பிரதானிகளுள் சிலர் தமிழெழுத்திலேயே ஒப்பமிட்டனர்!

தடுத்தவர்களே பின்னர் அழைத்தார்கள். 1820களில் கம்பளைப் பகுதியில் கோப்பித் தோட்டம் எழுந்தது. தொடர்ந்த ஆண்டுகளில், அதே மலைகளுக்குத் தமிழ்த் தொழிலாளரை ஆங்கிலேயர் கூட்டங்கூட்டமாகக் கொணர்ந்தனர். ஆட்சிக்கு ஆகாத இனம் கூலிக்கு ஆயிற்று! 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களுள் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. ஆண்ட தரப்பு மாறியது. அந்நியன் என்ற சொல் மாறவில்லை.

இது சிங்கள மக்கள்மீது பழி சுமத்தும் பேச்சன்று. வரலாற்றை முழுமையாகச் சொல்லுங்கள் என்னும் வழக்கு. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆகவே, அரசின் காட்சிச்சாலைகளில் நாயக்க மன்னர் வரலாறும், ஒப்பந்தத்தின் முழு வாசகமும் பிழையற்ற தமிழில் இருத்தல் சலுகையன்று, உரிமை!

வைத்தியர்களே, ஆசிரியர்களே, கமக்காரர்களே! அடுத்தமுறை கண்டிக்குச் சென்றால் பிள்ளைகளையும் அம்மாளிகைக்கு அழைத்துச் செல்லுங்கள். தமிழ் விளக்கத்தைத் தேடுங்கள். குறை கண்டால் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். கேளாத உரிமை காலாவதியாகும்!